நகையும் மதியும்: ஸ்ரீமதி சரோஜினி தேவியார் சரித்திரம்

பகவான் புத்தர் தம் தலைமைச் சீடராகிய சாரிபுத்த தேரரின் ஞானத்தை வியந்து பேசிய இடமொன்று மஜ்ஜிம நிகாயத்தின் அனுபத சூத்திரத்தில் காணப்படுகின்றது. அங்கே தேரரின் அறிவைப் பல அடைமொழிகளால் வகுத்துக் காட்டுகின்றார். பேரறிவு, விரிந்த அறிவு என்பவற்றை அடுத்து மூன்று சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவை ஹாஸ பஞ்ஞா, ஜவன பஞ்ஞா, திக்க பஞ்ஞா என்பன. பஞ்ஞா என்பது அறிவு. ஹாஸம் மலர்ச்சி, ஜவனம் விரைவு, திக்கம் கூர்மை. பழைய விளக்க நூல்கள் ஹாஸம் என்பதற்குச் சீலத்தை நிறைவேற்றுவோன் அடையும் உவகை என்றே பொருள் கூறும். அது வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பன்று என்பது மெய்யே. ஆயினும் மலர்ச்சியும் விரைவும் கூர்மையும் ஒரே அறிவின் மூன்று முகங்களாக ஒருங்கே வைத்து எண்ணப்பட்டிருப்பது சிந்திக்கத் தக்கது.

இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாகத் திரிசரணம் ஏற்ற சகோதரர் சிலர், பஞ்சசீலத்தை மேற்கொண்டவர் வேடிக்கையாகப் பேசலாமா என்று நம் கூட்டங்களில் ஐயம் எழுப்புவதுண்டு. பொய், கோள், கடுஞ்சொல், பயனில்சொல் என்னும் நான்கையும் விலக்குதலே நல்வாய்மையாதலின், நகைப்பேச்சு நான்காவதன்பாற் படுமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். பிக்குகள் ஊருக்குள் உரக்கச் சிரித்துக்கொண்டு செல்லலாகாது என்று சேகிய விதிகளில் உள்ளது. ஆனால் அது துறவியர்க்குரிய ஒழுக்கம். விளையாட்டிற்காகவும் பொய் பேசலாகாது என்று பகவான் தம் மைந்தர் இராகுலருக்கு அறிவுறுத்தினார். அங்கே விலக்கப்பட்டது பொய்யேயன்றி விளையாட்டன்று. சிரிப்பைத் தொலைத்த முகமே சீலத்தின் அடையாளம் என்று நம்மவரில் சிலர் எண்ணத் தலைப்பட்டிருப்பது எமக்குக் கவலை தருகின்றது.

குண்டலகேசியை நாம் மறந்துவிட்டோம் போலும். நாதகுத்தனார் பாடிய அவள் காப்பியம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று, கதை அழியவில்லை. தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லக் கருதிய கள்வனாகிய கணவனை, நொடிப்பொழுதில் சூழ்ச்சி செய்து தானே தள்ளி உயிர்பிழைத்தவள் அவள். பின்னர் ஊர்தோறும் நாவற்கிளையை நட்டு வாதுக்கழைத்தவள். சாரிபுத்தர் ஒரேயொரு சிறு வினாவினால் அவளை நிறுத்தினார். விரைந்து விடை கூறும் நா அன்று விடையின்றி நின்றது; அங்கேதான் அவளுடைய தருமவாழ்வு தொடங்கியது. விரைவில் மெய்யுணர்ந்த பிக்குணியருள் முதல்வி என்று பகவானே அவளைச் சிறப்பித்தார்.

அத்தகைய விரைமதி படைத்த பெண்மணி ஒருவர் அண்மைக் காலத்தும் வாழ்ந்தார். அவர் பௌத்தர் அல்லர். எனினும் ஐதராபாத் நகரில் பிறந்து, சென்னையில் பரீட்சை தேறி, சென்னையிலேயே மணமுடித்து, பாபாசாஹேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களோடு மூன்று முக்கியமான காலங்களில் ஒரே இடத்தில் இருந்தவராகிய ஸ்ரீமதி சரோஜினி தேவியாரின் வாழ்வு நம்மவர் அறியவேண்டிய ஒன்று.

இன்று ஐதராபாத் செல்லும் நம் அன்பர்கள் உசேன் சாகர் ஏரியின் நடுவே நிற்கும் புத்தர் சிலையைக் காணாமல் திரும்புவதில்லை. ஒரே கல்லில் அமைந்த அச்சிலை 1990இல் படகில் ஏற்றிச் செல்லுகையில் ஏரியுள் மூழ்கி, பின்னர் மீட்கப்பட்டு, 1992 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஏரியின் அருகே 2023 ஏப்ரல் 14ஆம் நாள் திறக்கப்பட்ட டாக்டர் அம்பேத்கரின் 125 அடிச் சிலையையும் கண்டு வணங்கி வருகின்றனர். நாம்பள்ளிப் பகுதியில் உள்ள பொன் வாயில் என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய பழைய வீட்டைத் தேடிச் செல்பவர் சிலரே. அது சரோஜினி தேவியார் வாழ்ந்த இல்லம். 1905இல் வெளிவந்த அவருடைய முதற் கவிதை நூலின் பெயரே இல்லத்திற்கும் அமைந்தது. அந்நூலில், தாமரைமேல் அமர்ந்த புத்தரை விளித்துப் பாடிய கவிதையொன்று உள்ளது என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அம்மையார் 1879 பிப்ரவரி 13ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அகோரநாத சட்டோபாத்தியாயர் கீழ்வங்காளத்து விக்கிரமபுரியைச் சேர்ந்த பிராமணர். திபேத்துக்குத் தருமத்தைக் கொண்டுசென்ற அதீசர் பிறந்ததும் அந்த விக்கிரமபுரியே என்பர். அகோரநாதர் எடின்பரோ சர்வகலாசாலையில் விஞ்ஞானப் பட்டம் பெற்று, நிஜாம் அரசில் கல்விப் பணிக்கு வந்து, பின்னர் நிஜாம் கல்லூரியாக வளர்ந்த கலாசாலையைத் தோற்றுவித்தவர். அரசாங்கத்தாரோடு முரண்பட்டு 1883இல் நாடு கடத்தப்பட்டு, மீண்டும் அழைக்கப்பட்டவர். தாயார் வரதசுந்தரி தேவி வங்காளியில் கவி பாடுவார். எட்டுக் குழந்தைகளில் சரோஜினியே மூத்தவர்.

அந்த வீடு சாதாரணமான வீடன்று. தந்தையாரின் தோட்டத்தில் நாள்தோறும் ஒரு சபை கூடும். பண்டிதரும் பிச்சைக்காரரும், சிற்றரசரும் சாதுக்களும், சில வேளைகளில் பெரும் போக்கிரிகளும் அங்கே சமமாக அமர்ந்து பேசுவர். எம்மதத்தவர்க்கும் இடம் உண்டு. இரும்பைப் பொன்னாக்கும் இரசவாத வித்தையில் தந்தையாருக்கு அடங்காத ஆசை. அதற்காக அவர் செலவிட்ட பொருளுக்கும் காலத்திற்கும் கணக்கில்லை. கூரை அதிரச் சிரிப்பாராம். தாம் கண்டவற்றுள் அறிவினால் அவரை விஞ்சியவர் சிலரே என்றும், ஆயினும் உலகத்தார் கணக்கில் அவர் வாழ்க்கை மகத்தான தோல்வியே என்றும் மகளார் பிற்காலத்தில் அன்போடு எழுதினார். தந்தையைப் பற்றி இவ்வாறு எழுதுவதற்கு அன்பும் வேண்டும், அன்பினால் மறைக்கப்படாத கண்ணும் வேண்டும்.

ஐதராபாத்தின் இயல்பும் அவருக்குத் துணை நின்றது. தக்கணத்து உருது பேசும் அந்நகரத்தார் ஹாஸிர் ஜவாபி என்று ஒரு குணத்தைப் போற்றுவர். கேட்ட கணத்திலேயே பொருந்திய விடை வாயில் வந்து நிற்பது என்பது அதன் பொருள். நம் நாட்டிலும் ஆசுகவி என்றும் சமயோசித புத்தி என்றும் இதனைப் பாராட்டுவதுண்டு. ஆனால் நம் காளமேகப் புலவர் போன்றோரிடம் அது பெரும்பாலும் வசையாகப் பாய்ந்தது. ஐதராபாத்தின் முஷாயிராக்களிலோ, குத்துப்பட்டவனும் சேர்ந்து தலையசைத்து வியக்கும்படி சொல்வதே பெருமையெனக் கருதப்பட்டது. இளமை முதலே அக்காற்றைச் சுவாசித்தவர் சரோஜினி.

குழந்தைப் பருவத்தில் அவர் ஆங்கிலம் பேச மறுத்துவந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையார் தண்டனையாக ஒரு நாள் முழுதும் தனியறையில் அடைத்தார். மாலையில் வெளிவந்த சிறுமி தந்தையிடம் ஆங்கிலமே பேசினாள். அன்றுமுதல் அவரிடம் வேறு மொழி பேசியதேயில்லை. தாயாரோ அவளிடம் எப்பொழுதும் இந்துஸ்தானியிலேயே பேசிவந்தார். தண்டனைக்குப் பணிந்தாளா, தண்டித்தவரையே தன் வைராக்கியத்தால் தண்டித்தாளா என்று எமக்கு இன்றும் விளங்கவில்லை. பதினோராம் வயதில் அல்ஜீப்ராக் கணக்கொன்று வராமல் வருந்தியிருக்கையில், கணக்குக்குப் பதிலாகக் கவிதை வந்தது. பதின்மூன்றாம் வயதில் நோயுற்றபோது, புத்தகத்தைத் தொடவே கூடாது என்று வைத்தியர் கட்டளையிட, அவரைச் சினமூட்டுவதற்கென்றே உடனே அமர்ந்து இரண்டாயிரம் வரிகளில் ஒரு நாடகம் எழுதி முடித்தார். படிக்கத்தானே தடை, எழுதத் தடையில்லையே என்பது அவர் கணக்கு போலும். உடல்நலம் அதனால் நிரந்தரமாகக் கெட்டது என்பதும் உண்மை. விரைமதிக்கு ஒரு விலை உண்டு. அதை அவர் சிறுவயதிலேயே கொடுக்கத் தொடங்கினார்.

இதற்கிடையே, பன்னிரண்டாம் வயதில் சென்னைச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறி நாடெங்கும் பெயர் பெற்றார். அடுத்து நிஜாமின் உதவிச் சம்பளத்தோடு 1895இல் இங்கிலாந்து சென்று, இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் கர்ட்டன் கல்லூரியிலும் பயின்று, பட்டம் பெறாமலே 1898இல் திரும்பினார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்தார். பிராமணக் குலத்து மகள், வேற்று வகுப்பைச் சேர்ந்த தெலுங்கரை மணந்தது அக்காலத்தில் சிறு செய்தியன்று. திருமணத்தை நடத்திவைத்தவர் சீர்திருத்தச் செம்மல் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு அவர்கள். 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டப்படி அது நடைபெற்றது. அச்சட்டத்தின்கீழ் மணம்புரிவோர் தாம் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பௌத்த முதலிய மதங்களுள் எதனையும் சார்ந்தவரல்லர் என்று எழுதித் தரவேண்டும். சாதியைத் தாண்ட வேண்டுமாயின் மதத்தையே துறந்தாக வேண்டும் என்று அன்றைய சட்டமே ஒப்புக்கொண்டது! நாட்டினர் கண்ணுக்குப் படாத உண்மையொன்று சட்டம் எழுதியவர் கண்ணுக்குப் பட்டிருக்கின்றது.

1908 செப்டம்பரில் மூசி நதி பெருகி ஐதராபாத்தைப் பாழாக்கியபோது அம்மையார் செய்த நிவாரணத் தொண்டு பலராலும் போற்றப்பட்டது. ஆங்கில அரசாங்கம் கைசர் இ ஹிந்த் பதக்கம் அளித்தது. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் அதைத் திருப்பி எறிந்துவிட்டார்.

அவருடைய நகைமதியின் முழு உருவத்தைக் காட்டும் நிகழ்ச்சி 1914 ஆகஸ்டில் இலண்டனில் நடந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திறங்கிய காந்தியடிகளைப் பார்க்கவேண்டித் தேடிச் சென்றார். பழைய கட்டிடமொன்றின் செங்குத்தான படிகளில் ஏறிக் கதவருகே நின்று நோக்கினால், உலகப் புகழ் பெற்ற அத்தலைவர், மழித்த தலையோடு, சிறைக் கம்பளத்தின்மீது தரையில் அமர்ந்து, சிறையிலிருந்து கொண்டுவந்த மரக்கிண்ணத்தில் நசுக்கிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் கலந்த ஏதோவொன்றை உண்டுகொண்டிருந்தார். சுற்றிலும் நெளிந்த தகரப் பெட்டிகளில் வறுத்த வேர்க்கடலையும் வாழைக்காய் மாவுப் பிஸ்கோத்தும். அம்மையார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நிமிர்ந்து பார்த்த காந்தியடிகளும் சிரித்தார். இவ்வளவு மரியாதையில்லாமல் சிரிக்கத் துணிபவர் நாயுடு அம்மையாராகத்தான் இருக்க முடியும் என்று உடனே அறிந்து, உணவில் பங்கு கொள்ள அழைத்தார். அந்த அருவருப்பான கலவை தமக்கு வேண்டாமென்று அம்மையார் மூக்கைச் சுளித்து மறுத்தார். முப்பதாண்டுக்கு மேற்பட்ட நட்பு அவ்வாறு தொடங்கியது.

இதில் யார் யாரை வென்றார்? ஒருவரும் தோற்கவில்லை என்பதே இதன் அழகு. பிறர் அத்தலைவரைக் காணச் சென்றபோது தாம் முன்னரே மனத்தில் வரைந்த படத்தையே கண்டு கைகூப்பினர். இவர் கண்ணெதிரே இருந்ததைக் கண்டார். புகழுக்கும் தக்காளிக் கிண்ணத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கணத்தில் தென்பட்டது, சிரிப்பு வந்தது. நாவின் விரைவுக்கு முன்னே பார்வையின் விரைவு நிற்கின்றது. உள்ளதை உள்ளவாறு காண்பதே நம் தருமத்தின் தொடக்கம் அன்றோ?

அபய ராஜகுமார சூத்திரத்தில் இதனை ஒத்த கருத்தொன்று வருகின்றது. கற்றோர் பலர் ஆலோசித்து வந்து கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடையைச் சிந்தித்து வைத்திருப்பதுண்டா, அன்றி அவ்விடத்திலேயே விடை தோன்றுகிறதா என்று அபய இளவரசன் பகவானை வினவினான். தேரின் உறுப்புக்களை நன்கறிந்த நீ, இஃது எந்த உறுப்பு என்று ஒருவன் கேட்டால் முன்பே ஆலோசித்து வைத்தா விடையளிக்கிறாய் என்று பகவான் திருப்பிக் கேட்டார். தேர் முழுவதும் தெரிந்தவனுக்கு விடை அவ்விடத்திலேயே தோன்றும். தருமத்தின் இயல்பை முற்ற அறிந்தவர்க்கும் அவ்வாறே. ஆக, விரைவென்பது அவசரமன்று. நெடுங்காலப் பழக்கத்தின் பழம். மனிதரை அறிந்த அளவிலே சரோஜினி தேவியாரிடமும் அது விளைந்தது. தந்தையின் தோட்டத்தில் பண்டிதரையும் போக்கிரியையும் ஒருங்கே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மனிதர்கள் தேரின் உறுப்புக்களைப் போலத் தெரிந்தவர்களாக இருந்தனர்.

அவர் பெயரால் வழங்கும் வேடிக்கைகள் பல. காந்தியடிகளின் அகன்ற காதுகளைக் கண்டு, சினிமாச் சித்திரத்தில் வரும் மிக்கி மௌஸ் என்னும் எலியின் பெயரை அவருக்குச் சூட்டினார். அவரை ஏழையாக வைத்திருப்பதற்கு எத்துணைப் பொருள் செலவாகிறது என்பது அவருக்கே தெரியாது என்று கூறியதாகவும் வழங்குகின்றது. இவ்விரண்டனுள் முன்னது குழந்தை விளையாட்டு, பின்னது அப்படியன்று. மூன்றாம் வகுப்பு வண்டியும் ஆசிரமமும் ஆட்டுப்பாலும் எத்துணைச் செல்வர்களின் உதவியினால் நடந்தன என்பது எல்லாரும் அறிந்து, ஒருவரும் வாய்திறவாத செய்தி. அதனை நேரே சொன்னால் பகை, மறைத்தால் பொய். அம்மையார் நகையில் வைத்துச் சொன்னார். கேட்ட காந்தியடிகளும் சினந்தாரல்லர். விளையாட்டிலும் பொய் கூடாது என்று இராகுலருக்குக் கூறப்பட்ட விதியை மனத்திற்கொண்டு இதனை எண்ணிப் பார்த்தால், விளையாட்டினுள்ளே மெய்யை வைக்கலாம் என்பது புலனாகும். தம் குட்டையான பருத்த உருவத்தையும் உணவில் தமக்கிருந்த ஆசையையும் அவர் அவ்வாறே கேலி செய்துகொண்டார். அவர் அம்பு பெரும்பாலும் மேல்நோக்கியோ தம்மை நோக்கியோ சென்றது.

எங்கே நகைக்கலாகாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1925இல் கான்பூர்க் காங்கிரசுக்குத் தலைமை வகித்து, அப்பதவி பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். ஐந்தாண்டுகள் கழித்து, 1930 மே 21ஆம் நாள், குஜராத்தில் தராசனா உப்பளத்தின் முன்னே ஏறத்தாழ 2,500 தொண்டர்களுக்குத் தலைமை தாங்கி நின்றார். அடி விழும்போது தடுப்பதற்காகவும் கையை உயர்த்தலாகாது என்று அவர்களுக்குக் கூறினார். பூண் கட்டிய தடிகளால் வரிசை வரிசையாக அவர்கள் வீழ்த்தப்பட்டனர். அன்றே அம்மையாரும் கைது செய்யப்பட்டார். அன்றைய நாளைப் பற்றி வேடிக்கை எதுவும் வழங்கவில்லை.

இனி நம்மவர்க்கு மிக அணுக்கமான பகுதிக்கு வருவோம். 1931இல் இலண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேஜை மகாநாட்டில் அம்மையார் பெண்கள் சார்பில் கலந்துகொண்டார். டாக்டர் அம்பேத்கர் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தார். மறு ஆண்டு செப்டம்பரில், நம் மக்களுக்கு வழங்கப்பட்ட தனித் தொகுதி உரிமையை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தியடிகள் உபவாசம் தொடங்கினார். அதே சிறையில் பெண்கள் பகுதியில் இருந்த சரோஜினி தேவியார் அவருக்குத் துணையாக அழைத்துவரப்பட்டார். சிறை முற்றத்து மாமரத்தடியில் பேச்சு நடந்தது. ஓர் உயிரின் பாரத்தையும் கோடிக்கணக்கான மக்களின் எதிர்காலத்தின் பாரத்தையும் ஒருங்கே தோளில் சுமந்து, 1932 செப்டம்பர் 24ஆம் நாள் டாக்டர் அவர்கள் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தனித் தொகுதி போயிற்று. பொதுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்கள் வந்தன. அந்த மாமரத்தடியைப் பற்றி நம் இல்லங்களில் இன்றும் ஆறாத மனத்தோடுதான் பேசுகிறோம்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1946 டிசம்பர் 11ஆம் நாள், டில்லியில் அரசியல் நிர்ணய சபை இராஜேந்திர பிரசாதரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வாழ்த்துரைகள் நடந்தன. தற்காலிகத் தலைவராகிய முதியவர் சச்சிதானந்த சின்ஹா, இந்தியாவின் குயில் இப்பொழுது வசனத்திலன்றிக் கவிதையில் பேசுவார் என்று சொல்லி அம்மையாரை அழைத்தார். எழுந்த அம்மையார், தலைவர் தம்மை அழைத்த முறை அரசியல் சட்டத்திற்கு உட்பட்டதன்று என்று தொடங்கினார். சட்டம் எழுதவென்றே கூடிய சபை, ஒரு வரிச் சட்டமும் எழுதப்படாத வேளை! சபை சிரித்தது. தலைவரைக் குறைகூறுதல் கூடாதென்று சின்ஹாவும் சிரித்தபடியே ஒழுங்கு காக்க முயன்றார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே அம்மையார் நம் தலைவரைப் பற்றிப் பேசினார் என்பது பலருக்குத் தெரியாது. இன்று இவ்வளவு கசப்போடிருக்கும் தம் நண்பர் டாக்டர் அம்பேத்கர், விரைவில் இச்சபையின் நோக்கத்தை மிக உறுதியாக ஆதரிப்பவராக ஆவார் என்றும், அவர் வாயிலாக அவரைப் பின்பற்றும் இலட்சக்கணக்கானோர் தம் நலன் பிறர் நலனைப் போலவே பாதுகாப்பாக உள்ளதென நம்புவர் என்றும் தாம் எதிர்பார்ப்பதாகக் கூறினார்.

கசப்பு என்னும் அச்சொல் எமக்கு முதலில் உறுத்தியது. அகோரநாதரின் தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு எல்லாரோடும் எல்லாவற்றோடும் சிரிப்பது எளிது. பள்ளியில் தனியே கோணிமீது அமர்த்தப்பட்ட பிள்ளைக்கு, குடத்து நீரைத் தானாக மொண்டு குடிக்கலாகாதென்று தடுக்கப்பட்ட பிள்ளைக்கு, அந்த எளிமை எங்கிருந்து வரும்? நகைக்கும் உரிமையும் இந்நாட்டில் சாதிப்படியே பங்கிடப்பட்டிருந்தது. கீழிருப்பவன் சிரித்தால் திமிர். மேலிருப்பவர் சிரித்தால் சாதுரியம். அம்மையாரின் வாழ்வை வியந்து பேசும் நூல்கள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் அவருக்கு அநீதி செய்யவும் கூடாது. அன்று அவ்வவையில் டாக்டரை ஐயுற்றவர் பலர். அவர் பெயரை எடுத்து, நண்பர் என்று சொல்லி, அவர் ஆதரவு வேண்டுமென்று வெளிப்படையாகக் கூறியவர் இவர். கசப்பு உண்டென்று ஒப்புக்கொள்வது, இல்லையென்று நடிப்பதைக் காட்டிலும் நேர்மையானது. சிரிக்க வைத்த அதே மூச்சில், சிரிக்கக் கூடாத ஒன்றையும் சொல்லத் தெரிந்திருந்தது அவருக்கு.

ஆறு நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள், டாக்டர் அம்பேத்கர் எதிர்பாராத வகையில் பேச அழைக்கப்பட்டார். தமக்கு முன்னே இருபதுக்கு மேற்பட்டோர் பெயர்கள் இருந்தமையால் அன்று தம் முறை வருமென்று நினைக்கவில்லை என்றும், ஆயத்தமின்றி வந்திருப்பதாகவும் கூறிவிட்டே தொடங்கினார். பின்னர் அவர் ஆற்றிய உரை அச்சபையின் சிறந்த உரைகளுள் ஒன்றாயிற்று. அவர்பால் இருந்த ஐயம் விலகத் தொடங்கியது அன்றிலிருந்தே. தேரின் உறுப்பெல்லாம் தெரிந்தவனுக்கு விடை அவ்விடத்திலேயே தோன்றும் என்ற பகவானின் உவமைக்கு நம் காலத்தில் இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை. டாக்டரின் எழுத்துக்களிலும் நகை உண்டு, அது தைக்கும். அம்மையாரிடம் ஹாஸம் மிகுதி. டாக்டரிடம் திக்கம் மிகுதி. ஜவனம் இருவர்க்கும் பொது.

1947 மார்ச்சில் டில்லிப் பழைய கோட்டையில் கூடிய ஆசிய நாடுகளின் மகாநாட்டுக்கு அம்மையார் தலைமை வகித்தார். இலங்கை, பர்மா, சயாம், திபேத்து முதலிய பௌத்த நாடுகளின் பிரதிநிதிகளும் அங்கு வந்திருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 15இல் ஐக்கிய மாகாணத்தின் கவர்னரானார். இந்தியாவின் முதற் பெண் கவர்னர் அவரே. சாரநாத்தும் சிராவஸ்தியும் குசிநகரும் அடங்கிய மாகாணம் அது. காட்டுப் பறவையைக் கூண்டிலடைக்கிறார்கள் என்று அப்பதவியைப் பற்றி வேடிக்கையாகக் கூறினாராம். ஆகஸ்டு 29ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் சட்ட வரைவுக் குழுவில் நியமிக்கப்பட்டு, அதன் தலைவரானார்.

அம்மையாரின் இருதயம் இளமையிலிருந்தே பழுதுபட்டது. 1949 மார்ச்சு முதல் நாள் இரவு, இலட்சுமணபுரிக் கவர்னர் மாளிகையில், தம்மைக் கவனித்துக்கொண்டிருந்த தாதியை ஒரு பாட்டுப் பாடும்படி கேட்டார். வாழ்நாளெல்லாம் பிறர் கேட்கப் பாடியும் பேசியும் வந்தவர், அப்பாட்டைக் கேட்டவாறே கண்ணயர்ந்தார். மறுநாள் அவர் ஆவி பிரிந்தது. கோமதி நதிக்கரையில் உடல் எரியூட்டப்பட்டது. வயது எழுபது.

அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் தம் நிறைவுரையை ஆற்றினார். முதல் நாள்களில் அம்மையார் தம்மிடம் எதிர்பார்த்ததைப் பார்க்கிலும் பன்மடங்கு செய்து முடித்து, அரசியல் சமத்துவம் வந்தும் சமூக சமத்துவம் வராதிருக்கும் முரண்பாட்டை எச்சரித்துவிட்டு அமர்ந்தார். கேட்டிருந்த சபையில் சரோஜினி தேவியாரின் ஆசனத்தில் அவர் இல்லை.